சீலன் வரும் என்றார் மிஸ்திரி

எத்வா மிஸ்திரி கரணையைச் சட்டியில் போட்டுவிட்டு வலது உள்ளங்கையைப் படுக்கையறைச் சுவரில் வைத்தார். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கையை எடுத்து முகர்ந்தார்.

"மாஸ்டர்ஜி, இதர் சீலன் ஆயேகா" என்றார்.

எனக்கு இந்தி அவ்வளவாக வராது. ஆனாலும் 'இதர்' என்றால் இங்கே, 'ஆயேகா' என்றால் வரும் என்ற அளவுக்குத் தெரியும். நடுவில் இருந்த சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. சீலன் என் மனைவி வடிவின் தம்பி.

எப்போது வரும் என்று கேட்டேன். மழைக்காலத்தில் வரும், நிச்சயம் வரும் என்றார் எத்வா. படுக்கையறையிலா என்று கேட்டேன். முதலில் படுக்கையறையில்தான், அப்புறம் வீடு முழுக்க என்று கையை வீசிக் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த மச்சினன், நான் கட்டும் வீட்டில், மழைக்காலம் முழுவதும் படுக்கையறையில் வந்து உட்காரப் போகிறானாம். அதை எனக்குச் சொல்வதற்கு ஒரு கொத்தனார்.

எனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டினேன். "சீலன் நஹி ஆயேகா. மேரா கர். சீலன் கோ போலோ, மத் ஆனா." இது என் வீடு, சீலனிடம் சொல், வரக்கூடாது என்று.

எத்வா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ராஞ்சிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே தீவுக்கு வந்து சேர்ந்த குடும்பம். மெதுவாகத்தான் பேசுவார். அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"சீலன் கிஸீகா பாத் நஹி சுன்தா, மாஸ்டர்ஜி." யார் பேச்சையும் அது கேட்காது என்கிறார்.

"அது எனக்கும் தெரியும்" என்று தமிழிலேயே சொன்னேன். திங்கட்கிழமை பெயிண்ட் அடிக்க ஆள் வரும், இன்றைக்குள் பூச்சை முடி என்று சைகையால் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

பதினைந்து சொல் இந்தி

போர்ட் பிளேரில் இருபத்தேழு வருஷம் வேதியியல் ஆசிரியராக இருந்தவனுக்கு இந்தி எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். கல்லூரி நாட்களில் இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனவன் நான். வேலை கிடைத்ததோ, இந்தியே தெரு மொழியாக இருக்கும் தீவில். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் அங்கே ஒருவரோடொருவர் அதில்தான் பேசிக்கொள்வார்கள். நான் மட்டும் வீம்பாக இருந்தேன். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், பஜாருக்குப் பதினைந்து சொல். அதற்குமேல் ஒரு சொல் கூட உள்ளே விட்டதில்லை.

வடிவு ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். தெலுங்குக்காரியிடம் மீனை இந்தியில் பேரம் பேசி, வங்காளியிடம் கீரை விதையை இந்தியில் கடன் வாங்கி, ஒரு தடவை மறந்துபோய் என்னிடமே, என்ன ஆச்சு என்பதற்கு "க்யா ஹுவா" என்று கேட்டவள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அவள் தம்பி குணசீலன் பத்தொன்பது வயதில் சென்னையில் கப்பலேறி எங்களிடம் வந்தவன். அந்தக் கப்பலின் வாந்தியைப் பற்றி இதே பத்தியில் சில வாரங்களுக்கு முன் எழுதிவிட்டேன், மறுபடி வேண்டாம். எங்கள் அரசுக் குடியிருப்பில் நாலு வருஷம் இருந்தான். மரவேலை பழகினான். பிறகு டாலிகஞ்சில் சொந்தமாகப் பலகை வீடு கட்டிக்கொண்டு, நாலு ஆளை வைத்து மற்றவர்களுக்கும் பலகை வீடு கட்டிக்கொடுத்தான். எத்வாவும் அவனும் பல இடங்களில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அதனால்தான் எத்வா 'சீலன் வரும்' என்றபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அவனை நான் ஒதுக்கியது எப்படி என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டீக்கடையில் நான் சொன்னது

குட்வில் எஸ்டேட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டுவது என்று முடிவானதும், அபர்டீன் பஜாரில் ஒரு டீக்கடையில் வைத்து அவனிடம் பிளானைக் காட்டினேன். அபிப்பிராயம் கேட்பதற்காக அல்ல. பார்த்து வியக்கட்டும் என்றுதான்.

அவன் வியக்கவில்லை. மேஜையில் கிடந்த பழைய செய்தித்தாளைத் திருப்பி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் படம் போட்டான். இடுப்பளவுக்குக் கல். அதற்கு மேல் பலகை. கூரைக்குக் கீழே ஒரு சாண் திறப்பு, அதில் கம்பி வலை. தகரத்தைச் சுவரைத் தாண்டி நாலடி நீட்டி விடுவது. உள்ளே வெறும் சுண்ணாம்பு.

"இந்த ஊர்ல செவுரு மூச்சு விடணும் அத்தான். எட்டு மாசம் மழை. ரெண்டு பக்கமும் அடைச்சு வச்சா உள்ளுக்குள்ளயே அவிஞ்சு போவும். யக்காவுக்கு வேற நெஞ்சு சரியில்ல."

அவன் சொன்னதில் ஒரு சொல் கூடத் தப்பில்லை. வடிவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. குடியிருப்பில் இருந்தவரை வருஷத்தில் இரண்டு மூன்று நாள் வந்து போகும், அவ்வளவுதான்.

கடையில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் இருவர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அவன் என் பிளானைத் திருத்தியது எனக்குப் பொறுக்கவில்லை.

"எட்டாங்கிளாஸ் தேறாதவன் எனக்குச் செவுரு பாடம் நடத்தாதல" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். சீலன் செய்தித்தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "வாரேன் அத்தான்" என்று எழுந்து போனான். அதன்பிறகு வரவில்லை. வடிவு அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கோட்டை

எனக்கு ஒரு பயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தரை ஆடியபோது, எங்கள் குடியிருப்பின் சுவர் மூலைக்கு மூலை பிளந்தது. பென்சிலை உள்ளே விடலாம். கடல் வந்தது பிறகு. மைதானத்தில் பல நாள் படுத்துக் கிடந்தோம். அப்போது வானத்தைப் பார்த்தபடி ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். இனி கட்டும் வீட்டுக்குள் கடல், காற்று, மழை, எறும்பு எதுவும் நுழையக் கூடாது.

சீலனின் பலகை வீடு அதே காலையில் ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டு ஒரு ஆணி கூடக் கழலாமல் நின்றது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அந்த மாதங்களில், தெற்குத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைகளில் பொருள் வழங்கும் வேலைக்கு ஆசிரியர்களும் போனோம். ஒரு நிக்கோபாரிப் பெரியவர் தன் கொட்டகையின் மேல் தகரத்தைக் கத்தியால் கிழித்து மடக்கி விட்டிருந்தார். கொடுத்ததை இப்படிக் கெடுக்கலாமா என்று அவரைக் கடிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து அந்தத் திறப்புக்குக் கீழே கொண்டு போய் நிறுத்தினார். "ஹவா" என்றார். காற்று சில்லென்று பிடரியில் பட்டது. நான் நோட்டில் 'தகரம் ஒன்று சேதம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனேன்.

இப்படிப்பட்டவன் கட்டிய வீடு எப்படி இருக்கும்? ஜல்லித் தூளில் வார்த்த சிமெண்ட் கல். இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு. அதன்மேல் பட்டி பார்த்து, கடையில் இருந்ததிலேயே பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்ட். தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்று டப்பாவில் போட்டிருந்தது. படுக்கையறையில் இடுப்பளவுக்கு டைல்ஸ். ரப்பர் பட்டி வைத்த அலுமினிய ஜன்னல். ஜன்னலுக்கு மேலே எத்வா தானாகவே காற்றுத் துளைகள் விட்டிருந்தார். பல்லி வரும் என்று அடைக்கச் சொன்னேன்.

பூச்சு காய நாலு மாதமாவது விட வேண்டும் என்று எத்வா விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. மூன்று வாரம் கொடுத்தேன். ஈரச் சுவரின்மேல் பெயிண்ட் ஏறியது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது.

பூனைக்குட்டி

மே கடைசியில் மழை பிடித்தது. ஜூலைக்குள் பெயிண்ட் அப்பளம்போல் அங்கங்கே உப்பியது. விரலால் குத்தினால் உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தோம். பின்னால் சுவரெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை.

சட்டம் போட்டு மாட்டியிருந்த என் பட்டச் சான்றிதழில் கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சை படர்ந்து, பல்கலைக்கழகத்தின் பெயரைத் தின்றுவிட்டு என் பெயரை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வடிவு அலமாரிக்குள்ளிருந்து என் தோல் பெல்ட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"பூனைக்குட்டி மாதிரி இருக்கு, பாருங்க. பாலு வைக்கவா?"

அவளுக்கு எதிலும் ஒரு சிரிப்பு உண்டு. நான் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் துடைத்தேன். வினிகர் வைத்துத் துடைத்தேன். காய்ந்ததும் ஈரம் தடுக்கும் பெயிண்ட் என்று ஒன்றை மேலே அடித்தேன். அடுத்த மழைக்கு அதற்கும் மேலே இன்னொன்று. காய்ச்சல்காரனுக்குக் கம்பளிமேல் கம்பளி போர்த்துவதைப் போல.

அந்த வீட்டில் வடிவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதல் மழைக்கு ஒரு தலையணை கூடுதலாக வைத்துக்கொண்டாள். இரண்டாவது மழைக்குப் படுக்கவே முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும்.

ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் ஒருவர் பொறுமையாக விசாரித்தார். வீட்டுச் சுவரில் ஈரம் உண்டா என்று அவளிடம் கேட்டார். பதிலை நான் சொன்னேன். புது வீடு, பிளாஸ்டிக் பெயிண்ட், முதல் தரம் என்றேன். வடிவு என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். டாக்டர் இன்ஹேலரை எழுதிக்கொடுத்தார்.

பொய் சொன்னேன் என்று கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. சுவர் தோற்றுவிட்டது என்றால் டீக்கடையில் நான் சொன்னதும் தோற்றுவிடும். அதை ஒப்புக்கொள்வதைவிட அவள் உட்கார்ந்து தூங்குவதைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

கித்னா சீலன்

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளை வடிவு தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். ஒரு நாள் அந்த அம்மாள் கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்தார். கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தவர் என் முதுகுக்குப் பின்னால் பார்த்து, "அரே, கித்னா சீலன்!" என்றார். கித்னா என்றால் எவ்வளவு என்பது என் பதினைந்து சொல்லில் உண்டு.

நான் திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"எங்கே?" என்றேன்.

தீதி சுவரைக் காட்டினார்.

நான் சுவரைப் பார்த்தேன், தீதியைப் பார்த்தேன், மறுபடி வாசலைப் பார்த்தேன். வடிவு என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"சீலன்னா ஓதம்ங்க. செவுத்துல ஊறுற ஈரம். நீங்க யாரைத் தேடுதீங்க?"

எத்வா சொன்னதையும் நான் சொன்னதையும் அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. சீலனிடம் சொல், வரக்கூடாது என்று நான் ஆணையிட்ட இடம் வந்ததும் அவளால் அடக்க முடியவில்லை. தீதிக்கு இந்தியில் சொன்னாள். இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பேச்சைக் கேட்காத ஓதம் சுவரில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு தெரிந்துகொண்ட ஒன்று. நல்ல இந்தியில் சீலன் பெண்பாலாம். 'ஆயேகி' என்று சொல்ல வேண்டுமாம். தீவு இந்திக்கு ஆண் பெண் என்ற பேதமே கிடையாது, எல்லாம் 'ஆயேகா'தான். எத்வா மட்டும் இலக்கணப்படி பேசியிருந்தால் என் மச்சினன் தப்பித்திருப்பான். இன்னொன்று, இந்தி பேசுகிறவர்கள் யாரும் அவனைச் சீலன் என்று கூப்பிடவே மாட்டார்கள். ஓதம் என்று ஒரு மனிதனை எப்படிக் கூப்பிடுவது? ஊர் முழுக்க அவன் குணா பாய், குணா அண்ணன். இருபது வருஷமாக அந்தப் பெயர் என் காதில் விழுந்திருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

சிரித்துக்கொண்டே இருந்த வடிவுக்குச் சிரிப்பு இருமலாயிற்று. இருமல் இழுப்பாயிற்று. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சுக்குத் தவித்தாள். தீதி முதுகைத் தேய்த்தார். நான் இன்ஹேலரைத் தேடி வீடு முழுக்க ஓடினேன். கடைசியில் பார்த்தால் அது அவள் மடியிலேயே இருந்தது.

மூச்சு திரும்பியதும் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அப்ப அன்னிக்கே ஒருத்தர் சொல்லியிருக்காரு."

டாலிகஞ்ச் மத்தியானம்

அந்த மழைக்காலத்தில் வடிவு வாரத்தில் நாலைந்து நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் டவுன் பஸ் பிடித்து டாலிகஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தம்பி வீடுதான். அங்கே உட்கார்ந்து அக்காளும் தம்பியும் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். ஆமாம், ஒட்டுக்கேட்கத்தான் போனேன். படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையைச் சாய்த்துக்கொண்டு வீட்டின் பக்கவாட்டில் நின்றேன். பேச்சுக்குரல் எதுவும் இல்லை. இரண்டு பலகைக்கு நடுவே விரலகலம் இடைவெளி இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன்.

வடிவு பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கு ஒரே ஒரு தலையணை. வாயை மூடிக்கொண்டு தூங்கினாள்.

அவள் வாயை மூடித் தூங்கி நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. என் முகத்துக்கு நேரே அந்த இடைவெளி வழியாக ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது எதிர்ப்பக்கத்துத் திறப்பு வழியாக வெளியேறிவிடும். ஈரம் வந்தால் வரட்டும், அதைப் போக விட்டால் போதும் என்பதுதான் அந்த வீட்டின் ஏற்பாடு. என் வீட்டில் நான் அதை வரவும் விடவில்லை, வந்த பிறகு போகவும் விடவில்லை.

பின்னால் ஆள் வந்து நிற்பது தெரிந்தது. சீலன். கையில் இழைப்புளி. நான் சுவரில் கண்ணை வைத்தபடி பிடிபட்டேன்.

அவன் உதட்டில் விரலை வைத்தான்.

"தூங்குதா" என்றான், எழுப்பிவிடாதீர்கள் என்பதுபோல்.

இரண்டு வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் சொல் அது. வீட்டுச் சுவரை வந்து பார்க்கிறாயா என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. தலையசைத்தான்.

சுண்ணாம்பு

மழை ஓய்ந்ததும் வேலை தொடங்கியது. சீலன் வந்தான், எத்வாவை அழைத்து வந்தான். வடிவை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு எத்வாவிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் வெகுநேரம் சிரித்தார். அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, இரண்டு வருஷமாக ஊரில் கொத்தனார்கள் எங்கே ஓதச்சுவரைக் கண்டாலும், "மாஸ்டர்ஜி கோ போலோ" என்று சொல்லிக்கொள்கிறார்களாம். மாஸ்டரிடம் சொல், வரக்கூடாது என்று ஆணை போடுவார் என்று.

பெயிண்டையும் பூச்சையும் சுரண்டும் வேலையைச் சீலன் எனக்குக் கொடுத்தான். உளியும் சுத்தியலுமாக நாள் முழுக்கப் பேர்த்தேன். ஒவ்வொரு அடுக்காக உரிந்து வந்தது. எந்த மழைக்கு எந்த நிறம் அடித்தேன் என்று மரத்தின் வளையத்தைப் போல எண்ணிப் பார்க்கலாம். முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும், பூஞ்சைத் தூள் நெஞ்சுக்குள் போகும் என்று எத்வா சொல்லிக்கொடுத்தார். வடிவை அந்த வாரங்களில் டாலிகஞ்சிலேயே இருக்க வைத்தோம்.

மழை சாய்ந்து அடிக்கும் தென்மேற்குச் சுவரில் மேல் பாதியை எடுத்துவிட்டுப் பலகை அடித்தான் சீலன். கூரைக்குக் கீழே ஒரு சாண் திறப்பு விட்டு வலை போட்டான். தகரத்தை நீட்டினான். மற்றச் சுவர்களில் சுண்ணாம்பும் மணலும் குழைத்த பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. வெளிப்புறம் சுவரோடு ஒட்டி நான் ஆசையாக மண்ணைக் குவித்து வைத்திருந்த குரோட்டன்ஸ் பாத்தியையும் வெட்டி எடுத்தார்கள். தண்ணீர் குடித்தது செடியைவிடச் சுவர்தானாம்.

கல் சுண்ணாம்பு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. டிரம்மில் தண்ணீர் விட்டதும் அது கொதித்துப் புகைந்ததைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. இருபத்தேழு வருஷம் இதைத்தான் பாடம் நடத்தினேன். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதுங்கள், உங்கள் மூச்சு பட்டால் பால்போல் மாறும் என்று எத்தனையோ பிள்ளைகளை ஊதச் சொல்லியிருக்கிறேன். மூச்சை வாங்கிக் கல்லாகும் பொருள் அது. அதன் காரத்தில் பூஞ்சை லேசில் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரிந்ததே. தெரிந்ததைக் கரும்பலகையிலேயே விட்டுவிட்டுப் பெயிண்ட் கடைக்குப் போயிருக்கிறேன்.

நாகர்கோவிலில் வீடு கட்டும் ஒரு வாசகர், சுவருக்கு எது நல்லது என்று போன மாதம் எழுதிக் கேட்டிருந்தார். நான் பொறியாளன் அல்லன். கெடுத்து அறிந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். மழை உங்கள் சுவரைத் தொடாதபடி முதலில் கூரையை நீட்டுங்கள். பூச்சு தானாகக் காயும்வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். உள்பக்கம் பளபளப்பு வேண்டாம். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பல்லி வந்தால் வரட்டும். சுவரில் கை வைத்துப் பார்க்கும் கொத்தனார் ஏதாவது சொன்னால், அவர் பேசும் மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அர்த்தம் கேளுங்கள்.

எது, அத்தான்?

அடுத்த மழை வந்தது. நான் தினமும் காலையில் எத்வாவைப் போலச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். பலமாக அடித்த நாளில் சுண்ணாம்பு கொஞ்சம் சாம்பல் நிறமாகும், வெயில் எட்டிப் பார்த்தால் மறுபடி வெளுத்துவிடும். வாடை இல்லை. வடிவு எங்கள் வீட்டில் படுத்துத் தூங்கினாள், ஒரே தலையணையில். இன்ஹேலர் மேஜை டிராயருக்குப் போயிற்று.

ஆனாலும் வாரத்துக்கு இரண்டு நாள் டாலிகஞ்சுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. ஒரு நாள் அவள் கிளம்பும்போது கேட்டேன்.

"இப்பதான் இங்கயே மூச்சு நல்லா வருதே. இன்னும் எதுக்கு அங்க?"

அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"ஒன்னரை மாசம் இங்க வேலை பாத்தான். ஒரு நாளாவது வீட்டுக்குள்ள உக்காந்து ஒரு வாய் சோறு தின்னானா? கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, நீட்டிவிட்ட தகரத்துக்குக் கீழே எத்வாவோடு வெளியே உட்கார்ந்துதான் சாப்பிட்டான். தண்ணீர் கூட அங்கேதான்.

"செவுரைப் பேத்துட்டீங்க" என்றாள் வடிவு. "சொன்னதை அப்படியேதான் வச்சிருக்கீங்க."

அன்று அவளோடு நானும் பஸ் ஏறினேன். குட்வில் எஸ்டேட்டிலிருந்து டாலிகஞ்ச் வரும்வரை மனசுக்குள் ஒரு வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டேன். தன்மானமும் கெடக்கூடாது, மன்னிப்பும் கேட்டதாக இருக்க வேண்டும். ஆசிரியன் எழுதும் வாக்கியம் அல்லவா, நன்றாகவே வந்திருந்தது.

சீலன் முற்றத்தில் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். வடிவு உள்ளே போகாமல் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வாக்கியம் மறந்துபோயிற்று.

"ஏல சீலா, நான் சொன்னது தப்புதான்" என்றேன்.

அவன் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தான்.

"எது, அத்தான்?"

கேலி இல்லை. குத்தலும் இல்லை. எதைச் சொல்கிறேன் என்று உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. நான் வடிவைப் பார்த்தேன். அவள் உதவிக்கு வரவில்லை.

டீக்கடைப் பேச்சு ஒன்றுதான் என் கணக்கில் இருந்தது. அவன் கணக்கில் அது எத்தனையாவதோ. குடியிருப்புக்கு என் தலைமையாசிரியர் வந்தபோது, மச்சினன் என்று சொல்லாமல், கூட மாட உதவிக்கு ஊரிலிருந்து வந்தவன் என்று அவனை அறிமுகம் செய்தது. ஆங்கிலக் கடிதம் ஒன்றை அவன் கையில் கொடுத்து, என் நண்பர்கள் நடுவே வாசிக்கச் சொன்னது. அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பையனுக்குக் கை வேலை செய்யும், தலை வேலை செய்யாது என்று நான் அடித்த ஜோக். ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது. அவன் ஒரு ஸ்டூலை இழுத்துத் தூசியைத் தட்டி என் பக்கம் நகர்த்தினான்.

உட்கார்ந்தேன். அவன் கப்பலிலிருந்து இறங்கிய நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.